பாக்டீரியாவில் மாறியது எது? இயற்கைச் சூழலில் பரிணாமத்தை ஆராயத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உப்பேறிய நிலம் ஒன்றிலிருந்து எடுத்த மண்ணில் உப்பைத் தாங்கும் பாக்டீரியாக்கள் மிகுந்திருப்பதைக் கண்டதும், "இவை உப்புக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டுவிட்டன" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது இத்துறைக்குப் புதிதாக வருவோர் பெரும்பாலும் செய்யும் முதல் பிழை. அந்த ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கலாம். அதே செல்கள் தம்மிடம் ஏற்கெனவே உள்ள மரபணுக்களில் சிலவற்றை இயக்கியும் சிலவற்றை அடக்கியும் தற்காலிகமாக இணங்கியிருக்கலாம். உப்பைத் தாங்காத இனங்கள் அழிந்து, முன்பே அத்திறன் பெற்றிருந்த வேறு இனங்கள் அவ்விடத்தை நிரப்பியிருக்கலாம். ஒரே இனத்துக்குள் சடுதிமாற்றத்தால் தோன்றிய ஒரு வகை இயற்கைத் தேர்வில் முந்தியிருக்கலாம். அல்லது அண்டையில் வாழும் வேறோர் இனத்திடமிருந்து ஒரு மரபணு வந்து சேர்ந்திருக்கலாம். இவற்றுள் முதலாவது பரிணாமமே அன்று. இரண்டாவது, உயிரினச் சமுதாயத்தில் ஆள் மாறிய கதை. பின்னிரண்டு மட்டுமே அந்தப் பாக்டீரியாவின் வழித்தோன்றலில் நிகழ்ந்த பரிணாமம். இந்த நான்கையும் பிரித்தறிவதற்குச் செய்யவேண்டியவற்றையே கீழ்வரும் படிகள் கூறுகின்றன. உப்பு மண்ணையே எடுத்துக்காட்டாக இறுதிவரை வைத்துக்கொள்கிறேன்.

முன்பயிற்சி: அசையாத குப்பி

இயற்கையை ஆராய விரும்பி வந்தவரை முதலில் ஒரு கண்ணாடிக் குப்பியின் முன் உட்காரவைப்பது முரணாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு வாரத்துக்குள், வெறுங்கண்ணால், பரிணாமம் நடப்பதைப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. இதற்கு வேண்டியது சூடோமோனாஸ் ஃபுளூரசன்ஸ் என்ற, பொதுவாகத் தீங்கற்ற, மண்ணிலும் இலைகளிலும் வாழும் பாக்டீரியா. ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் எஸ்பிடபிள்யூ25 என்ற திரிபு (ஒரே இனத்துக்குள் தனித்தறியப்படும் ஒரு வகை), 1989 ஆம் ஆண்டு சர்க்கரை பீட் செடி ஒன்றின் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இதைக் கொண்டு பால் ரெய்னியும் மைக்கேல் டிராவிசானோவும் செய்த சோதனை 1998 இல் வெளியானது.

தலா 6 மில்லிலிட்டர் கிங்ஸ் பி ஊடகம் (பாக்டீரியாவை வளர்க்கும் சத்துநீர்) கொண்ட குப்பிகள் பத்தை எடுத்து, ஒரே காலனியிலிருந்து (ஒரு செல் பெருகித் தட்டில் உண்டாகும் புள்ளியிலிருந்து) வளர்த்த பாக்டீரியாவை எல்லாவற்றிலும் சமமாக இடவும். மூடிகளைத் தளர்வாக வைத்து, ஐந்து குப்பிகளை 28 டிகிரி செல்சியஸில் சற்றும் அசைக்காமலும், மற்ற ஐந்தைக் குலுக்கு இயந்திரத்தில் இட்டும் வளர்க்கவும். மூன்று நாள் முதல் ஏழு நாள்வரை கழித்து, ஒவ்வொன்றையும் தகுந்த அளவு நீர்க்கச்செய்து அகார் தட்டில் பரப்பினால், குலுக்கிய குப்பிகளிலிருந்து பெரும்பாலும் மழமழப்பான காலனிகளே வரும். அசையாத குப்பிகளிலிருந்தோ சுருக்கம் விழுந்த காலனிகளும், ஓரம் மங்கிய காலனிகளும் சேர்ந்தே வரும். சுருக்கக் காலனிகளின் மூதாதையும் மழமழப்பான அதே செல்தான். அசையாத நீரில் அடிப்பகுதி விரைவில் ஆக்சிஜனை இழந்துவிடுகிறது. மேற்பரப்பில் செல்லுலோஸ் இழைகளால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய்போலப் படர்ந்துகொள்ளும் செல்களுக்குக் காற்று கிடைக்கிறது. செல்லுக்குள் சைக்ளிக் டை-ஜிஎம்பி என்னும் சமிக்ஞை மூலக்கூறைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மரபணு ஒன்று சடுதிமாற்றத்தால் பழுதானாலே இந்த ஒட்டும் தன்மை வந்துவிடும். புதிதாக ஓர் உறுப்பு உண்டாகவில்லை, ஒரு கடிவாளம் அறுந்தது. குலுக்கிய குப்பியில் காற்று எங்கும் ஒரே அளவில் கலந்திருப்பதால் ஒட்டிக்கொள்வதில் பயனில்லை. செல்லுலோஸ் செய்யும் செலவுதான் மிச்சம்.

இத்தகைய மாற்றம் ஏன் இவ்வளவு விரைவாகக் கிடைக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. ஈ. கோலை பாக்டீரியாவில் மரபணுத்தொகுதி முழுவதும் ஒருமுறை படியெடுக்கப்படும்போது பிழை நேர்வது ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒருமுறைதான். நமது திரிபிலும் ஏறக்குறைய அதே வீதம் என்று கொள்வோம். மில்லிலிட்டருக்கு 100 கோடி செல்கள் வீதம் 6 மில்லிலிட்டரில் 600 கோடி செல்கள். எனவே கடைசிப் பிளவில் மட்டும் 60 லட்சம் புதிய பிழைகள். எஸ்பிடபிள்யூ25 இன் மரபணுத்தொகுதியில் உள்ள டிஎன்ஏ எழுத்துகளோ சுமார் 67 லட்சம். தனிச் செல் ஒன்றுக்குச் சடுதிமாற்றம் மிக அரிது; கூட்டத்துக்கோ அது அன்றாட நிகழ்ச்சி.

இப்பயிற்சியை இரண்டு வாரம் நீட்டிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம்: பாய்க்குள்ளேயே ஒட்டும் பொருளைச் செய்யாத செல்கள் மீண்டும் தோன்றி, பிறர் கட்டிய பாயில் தாமும் இடம்பிடித்து, பாயை வலுவிழக்கச் செய்து மூழ்கவிடுகின்றன.

முதல் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே ஒரு காரணி தெளிவாக மாறி, மற்றவை இயன்றவரை ஒத்திருக்கும் இரண்டு இடங்களைத் தேடவும். உப்பேறிய திட்டும், அதிலிருந்து சில மீட்டர் தொலைவில் உப்பேறாத அதே வகை மண்ணும் அருகருகே கிடைத்தால் மிக நன்று. அத்தகைய இணைகள் மூன்றேனும் வேண்டும். ஒரே இணையில் காணும் வேறுபாடு அந்த இடத்தின் வேறு ஏதோ வரலாற்றால் வந்ததாகவும் இருக்கலாம். மின்கடத்துதிறன் (மண்ணின் உப்பளவைக் காட்டுவது), பி.ஹெச் (அமில, காரத் தன்மை), ஈரப்பதம், வெப்பநிலை ஆகிய நான்கையும் அங்கேயே அளந்து எழுதிக்கொள்ளவும்.

நம் கண்ணுக்கு ஒரே இடமாகத் தெரிவது பாக்டீரியாவுக்கு ஒரே வாழிடமாக இருக்கவேண்டியதில்லை. மாசசூசெட்ஸ் கடலோர நீரிலிருந்து விப்ரியோ குடும்பப் பாக்டீரியாக்களை வெவ்வேறு துளையளவுள்ள வடிகட்டிகளால் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2008 இல் வெளிவந்தது. நெருங்கிய உறவுள்ள வகைகளே, சில தனித்து நீந்துபவையாகவும், சில சிறு துகள்களிலும், சில பெருந்துகள்களிலும் வாழ்பவையாகவும், பருவத்துக்கேற்பவும் பிரிந்திருந்தன. மண்ணில் வேரை ஒட்டிய பகுதியையும் வேரற்ற பகுதியையும் ஒரே பையில் போட்டுக் கலக்கிவிட்டால் இத்தகைய பிரிவுகள் பிறகு ஒருபோதும் தெரியாது.

இரண்டாம் படி: மாதிரியும் உறைபனிப் பெட்டகமும்

கிருமி நீக்கிய கரண்டியால் ஒவ்வொரு திட்டிலும் குறைந்தது ஐந்து இடங்களிலிருந்து தனித்தனியாக மண் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கவும். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கைக் கிளிசரால் கலந்து (இறுதிச் செறிவு சுமார் 20 சதவீதம்) மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்கவும். பலர் இதை "பிறகு செய்யலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். என் கணிப்பில் இந்தப் பட்டியலில் தள்ளிப்போடவே கூடாத வேலை இதுதான். உறைந்த பாக்டீரியா இறந்துவிடுவதில்லை. ஆண்டுகள் கழித்தும் எழுப்பி, அதன் வழித்தோன்றல்களோடு நேருக்கு நேர் போட்டியிட வைக்கலாம். தொல்லுயிர்ப் படிமங்களை ஆராய்பவருக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் 12 ஈ. கோலை கூட்டங்களோடு தொடங்கிய நீண்டகாலச் சோதனையின் வலிமையும் இதில்தான் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு நாளும் நூறில் ஒரு பங்கைப் புதிய ஊடகத்துக்கு மாற்றுகிறார்கள், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 6.6 தலைமுறைகள், 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறையவைக்கிறார்கள். சுமார் 31,000 தலைமுறைகளுக்குப் பிறகு ஒரே ஒரு கூட்டம் மட்டும், ஆக்சிஜன் உள்ள நிலையிலும் சிட்ரேட்டை உண்ணும் திறனைப் பெற்றது. உறைந்த மூதாதைகளை எழுப்பி அச்சோதனையை மீண்டும் ஓட்டியபோதுதான், அதற்கு வழிவகுத்த முன்மாற்றங்கள் முன்னதாகவே அந்தக் கூட்டத்தில் நிகழ்ந்திருந்தன என்பது புலப்பட்டது.

மூன்றாம் படி: பிரித்தெடுத்தல்

ஒரு கிராம் மண்ணை 9 மில்லிலிட்டர் உப்புக் கரைசலில் கலந்து, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச்செய்து, சத்துக் குறைந்த ஆர்2ஏ போன்ற ஊடகத்தில் பரப்பவும். உப்பு மண்ணுக்குப் பயன்படுத்தும் கரைசலில் அம்மண்ணின் அளவுக்கேற்ற உப்பு இருக்கவேண்டும். இல்லையெனில் செல்களுக்குள் நீர் பாய்ந்து, ஆராய வேண்டியவையே முதலில் அழிந்துபோகும். தட்டுகளை இரண்டு வாரம்வரை வைத்திருந்து, மெதுவாக வளரும் காலனிகளுக்கும் இடம் கொடுக்கவும். தேர்ந்தெடுத்த காலனியை மூன்றுமுறை மீண்டும் மீண்டும் கீறிப் பரப்பித் தூய்மையாக்கவும். நுண்ணோக்கியில் எண்ணும் செல்களில் பொதுவாக 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான் தட்டில் வளரும் என்பதால், தட்டில் வந்தவையே மண்ணில் உள்ளவை என்று எழுதிவிடலாகாது.

பாதுகாப்பைப் பற்றி இங்கேயே கூறிவிடுகிறேன். அறியப்படாத மண் பாக்டீரியாக்களை 37 டிகிரியில் வளர்க்கவேண்டாம். அது மனித உடலின் வெப்பநிலை, நோய்க்கிருமிகளுக்கு உகந்தது. 20 முதல் 28 டிகிரி போதும். பயன்படுத்திய தட்டுகளை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில்) 121 டிகிரியில் குறைந்தது 20 நிமிடம் வைத்த பிறகே அப்புறப்படுத்தவும். ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தூண்டித் தேர்ந்தெடுக்கும் சோதனைகளை வீட்டிலோ பள்ளியிலோ செய்யவே வேண்டாம்.

நான்காம் படி: பொதுத் தோட்டச் சோதனை

தற்காலிக இணக்கத்தைப் பரம்பரை மாற்றத்திலிருந்து பிரிக்கும் படி இது. உப்பு திடீரென்று கூடினால் பல பாக்டீரியாக்கள் சில நிமிடங்களிலேயே பொட்டாசியத்தை உள்ளிழுத்துக்கொள்கின்றன. பிறகு கிளைசின் பீட்டைன், புரோலின் போன்ற பொருள்களைச் சேர்த்துவைத்து நீரிழப்பைச் சமாளிக்கின்றன. உப்பு குறைந்ததும் அவற்றை வெளியேற்றிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. இத்தகைய செல்லை உப்பு மண்ணிலிருந்து எடுத்த கையோடு சோதித்தால் அது மாபெரும் தகவமைப்புப் பெற்றதுபோலத் தோன்றும்.

ஆகவே உப்பு மண்ணின் திரிபுகளையும் சாதாரண மண்ணின் திரிபுகளையும், குறைந்த உப்புள்ள ஒரே ஊடகத்தில், ஒரே வெப்பநிலையில், நாளுக்கு நூறில் ஒரு பங்கு என்று மூன்று நாள் மாற்றி வளர்க்கவும். சுமார் 20 தலைமுறைகள் ஆகிவிடும். பழைய சூழலின் எச்சங்கள் ஒவ்வொரு பிளவிலும் பாதியாகிக் கரைந்துவிடும். அதன் பிறகு இரு தரப்பையும் பல்வேறு உப்புச் செறிவுகளில் வளர்த்து வளர்ச்சி வேகத்தை அளக்கவும். வேறுபாடு நிலைத்திருந்தால் அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. மறைந்துவிட்டால், நீங்கள் கண்டது மரபணுக்களின் இயக்கமே. ஒரு சிறு எச்சரிக்கை: பொதுத் தோட்டமும் ஒரு சூழல்தான், அங்கும் இயற்கைத் தேர்வு நடக்கும். எனவே மூன்று நாளை முப்பது நாளாக்கிவிடவேண்டாம்.

இந்தப் படியில் திரிபுகளின் இனத்தை மரபணுவைக் கொண்டு அடையாளம் காண்பதும் வேண்டும். வளர்ச்சியில் வேறுபடும் இரண்டு திரிபுகள் இரண்டு வெவ்வேறு இனங்களாக இருந்தால், பரம்பரை வேறுபாடு உண்மையே ஆயினும், அது அந்த நிலத்தில் நிகழ்ந்த பரிணாமத்தைக் காட்டாது. வேறிடத்திலிருந்து வந்தேறிய இனத்தைத்தான் காட்டும். ஒரே இனத்தைச் சேர்ந்த திரிபுகள் இரு பக்கமும் கிடைக்கும்வரை தேடவும்.

ஐந்தாம் படி: முன்பே இருந்ததா, பின்பு வந்ததா

சூழல் தன் தேவைக்கேற்ற மாற்றத்தை வரவழைக்கிறது என்னும் எண்ணம் எளிதில் விலகுவதில்லை. சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும் 1943 இல் இதை ஒரு கணக்கால் தீர்த்துவைத்தனர். சிறு அளவில் தொடங்கிய பல ஈ. கோலை வளர்ப்புகளைத் தனித்தனியே பெருகவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் டி1 என்னும் பேஜ் வைரஸ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) நிறைந்த தட்டில் பரப்பினர். வைரஸைச் சந்தித்த பிறகே எதிர்ப்பு உண்டாகிறது என்றால் எல்லாத் தட்டுகளிலும் பிழைத்த காலனிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒத்திருக்கவேண்டும். கிடைத்ததோ பல தட்டுகளில் ஒன்றுமில்லை, சிலவற்றில் ஓரிரண்டு, மிகச் சிலவற்றில் பெருங்கூட்டம். சடுதிமாற்றம் வைரஸ் வருமுன்பே, பெருக்கத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ தற்செயலாக நேர்ந்திருந்தால்தான் இப்படி ஏற்றத்தாழ்வு வரும். தன் தரவில் சராசரியை மட்டும் எழுதிவிட்டுப் பரவலை விட்டுவிடுபவர் இந்தச் செய்தியைத் தவறவிடுவார்.

களத்திலும் இதே எச்சரிக்கை பொருந்தும். நியூ மெக்சிகோவின் லெச்சுகுய்யா குகையில் சுமார் 40 லட்சம் ஆண்டுகள் வெளியுலகத் தொடர்பின்றி இருந்த பகுதியிலிருந்து எடுத்த பாக்டீரியாக்கள் பல ஆன்டிபயாடிக்குகளை எதிர்த்து நின்றதை 2012 இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, 30,000 ஆண்டு பழைய நிரந்தர உறைபனி மண்ணிலும் எதிர்ப்பு மரபணுக்கள் கண்டறியப்பட்டன. மண்ணுயிர்கள் தாமே ஆன்டிபயாடிக்குகளைச் சுரப்பவை. எதிர்ப்பும் அவ்வளவு பழையது. ஓரிடத்தில் ஒரு திறன் இருப்பதாலேயே அங்கு இன்று நிலவும் நெருக்கடிதான் அதை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: நைலான் 1935 இல்தான் உருவானது, அதன் உற்பத்தியில் கிடைக்கும் துணைப்பொருள்களை உண்ணும் பாக்டீரியாவைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர்கள் 1975 இல் அறிவித்தனர். பொருளின் வயது தெரிந்தால், அதைச் சிதைக்கும் திறனின் வயதுக்கும் ஓர் எல்லை கிடைக்கிறது. அத்தகைய காலக்குறி உங்கள் இடத்துக்கு உண்டா, நிலம் உப்பேறிய ஆண்டு தெரியுமா என்று விசாரிக்கவும்.

ஆறாம் படி: மரபணுத்தொகுதியைப் படித்தல்

இனத்தை அறிய வழக்கமாகப் பயன்படும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு மிக மெதுவாக மாறுவது. அதில் 1 சதவீத வேறுபாடு சேர ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகும் என்பது பொதுவான மதிப்பீடு. சில பத்தாண்டுகளில் நிகழ்ந்த தகவமைப்பை அதில் தேடுவது மணி முள்ளைப் பார்த்து நொடியை அளப்பதாகும். முழு மரபணுத்தொகுதியையே வரிசைப்படுத்தவேண்டும். மூன்று ஈ. கோலை திரிபுகளை 2002 இல் ஒப்பிட்டபோது, மூன்றின் புரதங்களையும் ஒருசேரத் திரட்டினால் மூன்றிலும் பொதுவாக இருந்தவை சுமார் 39 சதவீதமே என்று தெரிந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு வேறு.

ஒப்பிடும்போது மூன்று வகை மாற்றங்களைத் தேடவும். எழுத்து மாற்றங்கள் முதலாவது. ஒரு மாற்றம் இருக்கிறது என்பதால் அது பயனுள்ளது என்று ஆகாது. பல மாற்றங்கள் சும்மா ஒட்டிக்கொண்டு வருபவை. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று உப்புத் திட்டுகளிலும் ஒரே மரபணு தனித்தனியே மாறியிருந்தால், அதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம். இணைகள் மூன்று வேண்டும் என்று முதற்படியில் கேட்டதன் பயன் இங்கே கிடைக்கிறது.

வெளியிலிருந்து வந்த மரபணுக்கள் இரண்டாவது. இவை வரும் வழிகள் மூன்று. சிதைந்த செல்லின் டிஎன்ஏவை உறிஞ்சிக்கொள்வதை நிமோனியாக் கிருமியில் கிரிஃபித் 1928 இல் கண்டார். செல்லோடு செல் இணைந்து மாற்றிக்கொள்வதை 1946 இல் லெடர்பர்க்கும் டேட்டமும், பேஜ் வைரஸ் சுமந்துவருவதை 1952 இல் சிண்டரும் லெடர்பர்க்கும் காட்டினர். வந்தேறிய மரபணுவுக்குச் சில அடையாளங்கள் உண்டு: சுற்றியுள்ள பகுதியோடு ஒத்துவராத ஜி, சி எழுத்துகளின் விகிதம், அருகிலேயே டிரான்ஸ்போசான் (இடம் மாறும் டிஎன்ஏ துண்டு), பேஜ் அல்லது பிளாஸ்மிட்டின் (தனித்துப் பெருகும் சிறு டிஎன்ஏ வளையத்தின்) எச்சங்கள், அந்த மரபணுவுக்கு வரையும் வம்சமரம் இனத்தின் வம்சமரத்தோடு முரண்படுதல். கடற்பாசியின் பார்ஃபிரான் என்ற மாவுப்பொருளைச் சிதைக்கும் மரபணு, கடல் பாக்டீரியாக்களிடமிருந்து ஜப்பானியரின் குடலில் வாழும் பாக்டீரியாவுக்குச் சென்றிருப்பதை 2010 இல் கண்டறிந்தது இத்தகைய ஒப்பீட்டால்தான். உப்பு மண்ணில் கிளைசின் பீட்டைனை உள்ளிழுக்கும் கடத்திகளின் மரபணுக்களை முதலில் பார்க்கலாம்.

இழப்பு மூன்றாவது. புதியவர்கள் பெரும்பாலும் மறப்பதும் இதைத்தான். கடலின் மேற்பரப்பில் வாழும் புரோகுளோரோகாக்கஸின் சில வகைகள் வெறும் 17 லட்சம் எழுத்துகளுக்குள் வாழ்க்கையை முடித்துக்கொள்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதிகூட அவற்றிடம் இல்லை, அந்த வேலையை அண்டை உயிர்களே செய்துவிடுகின்றன. அசுவினிப் பூச்சியின் உடலுக்குள் வாழும் புக்னெராவிடம் எஞ்சியிருப்பது சுமார் 6.4 லட்சம் எழுத்துகள். தகவமைப்பு என்றால் கூட்டிக்கொள்வதே என்று நினைப்பவர் இவற்றைச் சீரழிவு என்பார். சத்து அரிதான நீரில் ஒவ்வொரு எழுத்துக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் செலவாகின்றன என்று கணக்குப் பார்ப்பவர் அப்படிச் சொல்லமாட்டார்.

ஏழாம் படி: போட்டி

ஒத்த இனத்தின் இரு திரிபுகளையும் சம அளவில் ஒரே குழாயில் இட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணவும். காலனியின் நிறமோ வடிவமோ வேறுபட்டால் எண்ணுவது எளிது. இல்லையெனில் திரிபுக்கே உரிய டிஎன்ஏ துண்டைப் பிசிஆர் முறையில் (குறிப்பிட்ட துண்டைப் பன்மடங்கு படியெடுக்கும் முறையில்) அளக்கலாம். ஒவ்வொன்றும் எத்தனை முறை இரட்டித்தது என்று கண்டு ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒப்புத்தகுதி கிடைக்கும்: ஒன்று 128 மடங்காகவும் மற்றது 64 மடங்காகவும் பெருகினால், ஏழை ஆறால் வகுக்க, 1.17. தனித்தனியே வளர்த்து அளந்த வேகத்தை இதற்கு மாற்றாகக் கொள்ளவேண்டாம்; ஒன்றை ஒன்று நஞ்சிட்டுக் கொல்வதும் பட்டினி போடுவதும் தனிக்குழாயில் தெரியாது.

எட்டாம் படி: மண்ணுக்கே திருப்புதல்

கடைசியாக, இரு திரிபுகளையும் இரு மண்ணிலும் போட்டியிடவைக்கவும். களத்தில் விடவேண்டாம்; ஆய்வகத் தொட்டியே போதும். இரு மண்ணையும் கிருமி நீக்கிய பாதி, நீக்காத பாதி என்று பிரித்தால் நான்கு சூழல்கள் ஆகும். உப்பு மண்ணின் திரிபு உப்பு மண்ணில் வென்று, சாதாரண மண்ணில் தோற்றால் அது உள்ளூர்த் தகவமைப்பு. இரண்டிலும் வென்றால் அது பொதுவாகவே வலிய திரிபு. உப்பைக் காரணமாகச் சொல்ல இடமில்லை.

கிருமி நீக்கிய உப்பு மண்ணில் வென்ற திரிபு, நீக்காத அதே மண்ணில் தோற்பதும் உண்டு. அப்போது உப்பை விட்டுவிட்டு எதிரிகளைப் பார்க்கவேண்டும். குதிரைக் கஷ்கொட்டை மரங்களில் செய்து 2011 இல் வெளியான ஆய்வில், ஒரு மரத்தின் பேஜ் வைரஸ்கள் பிற மரங்களின் பாக்டீரியாக்களைவிட அதே மரத்தின் பாக்டீரியாக்களையே நன்றாகத் தாக்கின. எதிரியும் இடத்துக்கேற்பத் தகவமைகிறது. மண் சாற்றை, பாக்டீரியாவைத் தடுத்து வைரஸை விடும் 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, ஒவ்வொரு திரிபும் அடர்ந்து படர்ந்த தட்டில் ஒரு சொட்டு இட்டு, மறுநாள் வைரஸ் பாக்டீரியாவைக் கொன்றதைக் காட்டும் தெளிவான வட்டங்கள் தோன்றுகின்றனவா என்று பார்க்கவும். இதையே இன்றைய மண் சாற்றைக் கொண்டும், இரண்டாம் படியில் உறையவைத்த மண்ணின் சாற்றைக் கொண்டும், அன்றைய திரிபுகளின்மீதும் இன்றைய திரிபுகளின்மீதும் செய்தால், பாக்டீரியா முந்திக்கொண்டதா வைரஸ் முந்திக்கொண்டதா என்பது தட்டிலேயே தெரிந்துவிடும்.